ஊமையான பாட்டும் ஒரு வரிப் பதிலும்

"புதிய பதிப்பை வாங்கிக்கொள்ளுங்கள்." முந்தாநாள் இங்கே பகிர்ந்த அந்தப் பதிலை எல்லோரும் பார்த்தீர்கள். கணினியைப் புதுப்பித்ததும் என் ரிவெர்ப் பிளகின் (பாட்டு மென்பொருளுக்குள் ஓடி, குரலுக்குக் கூடத்தின் எதிரொலியைச் சேர்க்கும் துணை மென்பொருள்) நின்றுவிட்டது என்று அதைச் செய்த நிறுவனத்துக்கு நான்கு பத்தி எழுதிக் கேட்டவனுக்கு ஒரே வரி. கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு.

நான் புது வசதி எதையும் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கியது, போன மாதம்வரை வேலை செய்தது, இன்றும் வேலை செய்ய வேண்டும் என்றுதான் கேட்டேன். வீட்டுக்கு வெள்ளையடித்தால் வீணை ஊமையாகிவிடுமா? இயங்குதளத்தைப் புதுப்பித்தால் மட்டும் ஏன் ஒரு ரிவெர்ப் பிளகின் செத்துப்போக வேண்டும்?

"ஏன் அப்டேட் செய்தாய்?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். செய்யாவிட்டால் ஒரு நாள் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது தெரியுமல்லவா? பாட்டுப் போடும் கணினியில்தான் வங்கிக் கணக்கையும் பார்க்கிறேன். புதுப்பித்தாலும் என் குற்றம், புதுப்பிக்காவிட்டாலும் என் குற்றம்.

விவரம் தெரியாமல் புலம்புகிறேன் என்பவர்களுக்கு: தெரியும். 2019இல் ஆப்பிளின் மேக் ஓஎஸ் கேட்டலீனா என்ற இயங்குதளத்தோடு 32 பிட் என்ற பழைய வகை மென்பொருட்கள் ஒட்டுமொத்தமாக நின்றன. மறு வருடம் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுக்கு மாறியது. பழையவற்றை ஓட்ட ரொசெட்டா 2 என்று ஓர் ஊன்றுகோல் கொடுத்தது. அதையும் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதாக இப்போது சொல்லியிருக்கிறது. காரணங்கள் எல்லாம் புரிகின்றன. ஆனால் இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் பொது மொழியான மிடி 1983இல் வந்தது. போட்டி நிறுவனங்கள் கூடி ஒப்புக்கொண்ட ஒன்று. அந்தக் காலத்துக் கீபோர்டை இன்றைய கணினியோடு ஓர் இடைமுகம் வைத்து இணைத்தால் இன்னமும் பேசுகிறது! அது முடிகிறது, இது மட்டும் முடியாதாம்.

போன வாரம் பழைய பாட்டு ஒன்றைத் திறந்தேன். "பின்வரும் பிளகின்கள் கிடைக்கவில்லை" என்று ஒரு பெட்டி. ஏழு பெயர்கள். "சரி" என்பதை அழுத்தினேன், வேறு பொத்தானே இல்லை. தந்தி வாத்திய டிராக்கில் ஸ்வரக் கட்டங்கள் அத்தனையும் இருந்தன. பாட்டு ஓடும் இடத்தைக் காட்டும் கோடு அவற்றின்மேல் ஊர்ந்து போனது, சத்தம் இல்லை. அப்பாவின் குரல் மட்டும் வந்தது. பதிவு செய்த ஒலி என்பதால் தப்பித்தது. ஆனால் எதிரொலி போய்விட்ட வறண்ட குரல். "இன்னும் கொஞ்சம் பெரிய கூடத்தில் பாடுவதுபோல" என்று பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, ரிவெர்பை மயிரிழை மயிரிழையாக ஏற்றியிருந்தேன். அந்த எண்களை எங்கும் குறித்து வைக்கவில்லை. மென்பொருளுக்குள்தான் இருக்கிறதே என்ற நம்பிக்கை.

எல்லா டிராக்கையும் அப்போதே ஒலிக்கோப்பாக ஏற்றுமதி செய்திருக்க வேண்டும் என்கிறீர்கள். ஆமாம், செய்திருக்க வேண்டும். என் தப்புதான். போதுமா?

நிறுவனமும் பிழைக்க வேண்டாமா என்றால், தாராளமாகப் பிழைக்கட்டும். புதிய பதிப்பில் என் பழைய அமைப்புகள் திறக்குமா என்று கேட்டேன், வாங்கவும் தயாராக. அந்தக் கேள்விக்குத்தான் இன்றுவரை பதில் வரவில்லை, பொம்மைகூட வரவில்லை.

நேற்று இரவு புதிய பதிப்பின் 14 நாள் சோதனைப் பிரதியை இறக்கிப் பார்த்தேன். கூடம் என்ற வகையில் மட்டும் 18 ஆயத்த அமைப்புகள் இருக்கின்றன. நான்காவது கொஞ்சம் கிட்டே வருகிறது. சரியாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டியவர் இல்லை. இன்னும் 13 நாள் மீதமிருக்கிறது.