300 ரூபாய்க்கு விளம்பரம் போடும் மகராசன்களுக்கு

300 ரூபாய். இன்றைய தேதிக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் இணையத்தில் நடக்கும் உள்ளூர் செய்திப் பக்கம் ஒன்றில் கடை விளம்பரம் போட இதுதான் ரேட்டாம். ரீல் வேண்டுமென்றால் 500. பண்டிகை சமயத்தில் ஒன்றுக்கு ஒன்று இலவசம். நானும் அப்படியொரு பக்கம் நடத்துகிறவன்தான்; 1500 என்று வாயைத் திறந்தால் கடைக்காரர் என்னை வழிப்பறிக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்.

"அவுங்க 300 ரூவாய்க்குப் போடுறாங்க தம்பி. நீங்க என்ன தங்கத்துலயா போடுறீங்க?"

சாலைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி கேட்டது இது. கேட்டதோடு விட்டாரா? போனை எடுத்து, வாட்ஸ்அப்பில் வந்த ரேட் கார்டை என் மூக்குக்கு நேராக நீட்டினார். சிவப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, நாலு மூலையிலும் பட்டாசு. அடியில் ஒரு வரி: 'மற்றவர்கள் சொல்லும் விலையை விட 100 ரூபாய் குறைவு, கியாரண்டி.' அதாவது நான் 200-க்கு இறங்கினால் அவன் 100-க்கு இறங்குவான். நான் சும்மா போட்டால் அவன் கடைக்காரருக்கு 100 ரூபாய் கையில் கொடுத்துவிட்டுப் போடுவான் போலிருக்கிறது.

விலைப்போட்டி எந்தத் தொழிலில்தான் இல்லை? குறைத்துக் கொடுக்கிறவனிடம் ஏதோ ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கும். மொத்தமாகக் கொள்முதல் செய்வான், சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருப்பான், வீட்டு ஆட்களே வேலை பார்ப்பார்கள். அதை நான் மதிக்கிறேன். இந்த 300 ரூபாய்க்காரனுக்கு என்ன மிச்சம் தெரியுமா? செய்தி எடுக்கிற செலவு மொத்தமும் மிச்சம். ஏனென்றால் செய்தி என்னுடையது.

இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டது என்று ராத்திரி ஒரு போன் வரும். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். துறைமுகத்துக்குப் போனால் எத்தனை படகு என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஒருவர் மூன்று என்பார், இன்னொருவர் நான்கு என்பார். பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த படகுகள் திரும்பி வந்தால்தான் நிலவரம் தெரியும். யார் யார் மீன்வளத்துறையில் டோக்கன் வாங்கிக்கொண்டு போனார்கள், எந்தப் படகில் எத்தனை பேர், பிடிபட்டவர் தங்கச்சிமடமா பாம்பனா என்று சங்கத் தலைவரிடம் கேட்டு, வந்தவர்களிடம் கேட்டு, ஒத்துப்பார்த்து எழுத வேண்டும். ஒரு பெயர் மாறிப்போனால் ஒரு வீட்டில் விடிய விடிய ஒப்பாரி. அதனால் காத்திருக்கிறோம். அதனால் தாமதமாகிறது.

போட்ட பத்தாவது நிமிடம் 300 ரூபாய்க்காரன் பக்கத்தில் அதே செய்தி. 'அதிர்ச்சி! கதறும் குடும்பங்கள்!' என்று தலைப்பு மட்டும் புதுசு. படம் நான் எடுத்தது. என் லோகோ இருந்த மூலையை வெட்டிவிட்டு, நடுவில் அவன் லோகோவை அப்பியிருக்கிறான். அடப்பாவி, வெட்டியதுதான் வெட்டினாய், வலது ஓரத்தில் என் பைக் கண்ணாடி தெரிகிறதே, அதையாவது சேர்த்து வெட்டியிருக்கக் கூடாதா!

இப்போது கணக்குப் பாருங்கள். எனக்குப் பெட்ரோல் காசு, ராத்திரித் தூக்கம், உடன் வந்த பையனுக்குப் படி. அவனுக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட். 300 ரூபாயில் அவனுக்கு 300-ம் லாபம். எனக்கு 1500-லும் கை நட்டம். இதற்குப் பேர் போட்டி விலையாம்.

சரி, கடைக்காரர் வேண்டாம், கூகுள் மாதிரி கம்பெனிகள் வழியாகப் பக்கத்தில் தானாக வரும் விளம்பரங்களை நம்பலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு சேதி. அதுவும் ஏலம்தான். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கிற அந்தக் கண் இமைக்கும் நேரத்துக்குள், உங்கள் கண்ணில் எந்த விளம்பரம் படவேண்டும் என்று ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. பாம்பன் கரையில் மீன் ஏலம் பார்த்திருப்பீர்கள். அங்கே கூடை கண் முன்னால் இருக்கிறது, கூவுகிறவர் யார், கேட்கிறவர் யார் என்று மீன்காரருக்குத் தெரிகிறது. இந்த ஏலத்தில் யார் எவ்வளவு கேட்டார்கள், நடுவில் யார் எவ்வளவு உருவினார்கள் என்று சின்னப் பக்கம் நடத்துகிறவன் கண்ணில் படுவதே இல்லை. ஆயிரம் பார்வைக்கு இத்தனை காசு என்று மாசக் கடைசியில் ஒரு எண் வரும், அவ்வளவுதான்.

இதில் அக்கிரமம் என்னவென்றால், அந்த விளம்பரம் செய்தியைத் தேடி வருவதில்லை. வாசகரைத் தேடி வருகிறது. துபாய்க்கு டிக்கெட் விலை பார்த்தவருக்கு விமானக் கம்பெனி விளம்பரம் காட்ட வேண்டும். அவர் என் பக்கத்தில் இருந்தாலும் சரி, என்னைத் திருடியவன் பக்கத்தில் இருந்தாலும் சரி. ஏலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். துறைமுகத்தில் நின்றவனுக்கும் கட்டிலில் படுத்துக்கொண்டு வெட்டி ஒட்டியவனுக்கும் ஆயிரத்துக்கு ஒரே ரேட். இன்னும் சொல்லப்போனால் அவனுக்குத்தான் கூடுதல், ஏனென்றால் ஒரு நாளைக்கு நாற்பது செய்தி ஒட்டலாம்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பெரிய பெரிய பிராண்டுகள் சாவு, விபத்து, கைது, மோதல் இருக்கும் பக்கத்தில் தங்கள் விளம்பரம் வரக்கூடாது என்று முன்கூட்டியே தடை போட்டு வைத்திருக்கும். சோப்புக் கம்பெனிக்குக் கண்ணீர் ஆகாது. ஏலத்தில் ஆள் குறைந்தால் விலை விழும். ஆக, ராத்திரி முழுக்க நின்று எடுத்த மீனவர் கைதுச் செய்திக்குச் சில்லறை. 'கத்தாரில் வேலைவாய்ப்பு, உடனே விண்ணப்பிக்கவும்' என்று எவனோ அனுப்பிய பார்வேர்டைப் போட்டால் காசு. அதிலும் கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினத்துக்காரர்கள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருந்து திறந்தால், உள்ளூரில் திறப்பதைவிட விலை அதிகம். அந்த நாட்டு விளம்பரதாரர்கள் கூடுதலாகக் கேட்பார்கள். அதனால்தான் பாதிப் பக்கங்கள் இங்கே சாக்கடை அடைத்துக்கொண்டதை எழுதாமல் அமீரக விசா விதி எழுதிக்கொண்டிருக்கின்றன. காரணம் இதுதான், பத்திரிகை தர்மத்தையெல்லாம் அங்கே தேடாதீர்கள்.

பெரிய இடத்திலும் இதே பஞ்சாயத்துதான். 2019-ல் கூகுள் தன் ஆட் மேனேஜரில், அதாவது பக்கம் நடத்துகிறவர்கள் விளம்பர இடத்தை விற்கிற கருவியில், ஒரு விதி கொண்டுவந்தது. அடிமட்ட விலை என்று ஒன்று உண்டு, அதற்குக் கீழே கேட்டால் விற்கமாட்டேன் என்று பக்கம் நடத்துகிறவர் வைக்கும் எல்லை. மற்ற ஏலக்காரர்களுக்கு ஒரு விலையும் கூகுளுக்கு அதைவிடக் கூடுதலும் வைக்கக்கூடாது, எல்லோருக்கும் ஒன்றே என்றது அந்த விதி. கேட்க நியாயம் மாதிரி இருக்கிறதல்லவா? விற்கிறவனுடைய கருவியும் அவர்களுடையது, சந்தையும் அவர்களுடையது, வாங்குகிறவனுடைய கருவியும் அவர்களுடையது. என் பொருளுக்கு யாரிடம் என்ன விலை சொல்லலாம் என்பதையும் அவர்களே சொல்வார்களாம். 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதிபதி லியோனி பிரிங்கெமா, விற்பனைக் கருவியிலும் ஏலச் சந்தையிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் செய்திருக்கிறது என்று தீர்ப்பு எழுதினார். அந்தச் சந்தையில் அவர்கள் எடுத்துவந்த கமிஷன் 20 சதவீதம். நம் ஊரிலும் டிஜிட்டல் செய்தி வெளியீட்டாளர்கள் சங்கம் புகார் கொடுத்து, 2022 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது.

இதைக் கேட்டுவிட்டு, என்னைப் போல் பக்கம் நடத்தும் நம் ஆள் ஒருவர் சூடானார். "நம்ம எல்லாரும் ஒண்ணு கூடி ஒரே ரேட்டா வச்சா என்ன?" பாரதி நகரில் ஒரு டீக்கடையில் கூட்டம். 1000-க்குக் கீழே யாரும் போடுவதில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. நான் அப்போதே சொன்னேன், போட்டியாளர்கள் சேர்ந்து விலை பேசி வைப்பதைப் போட்டிச் சட்டம் 2002 ஒப்புக்கொள்ளாது என்று. சட்டம் வந்து பிடிக்கிற அளவுக்கு நிலைமை போகவேயில்லை. அன்றைக்குச் சாயங்காலமே ஒருத்தன் 'கூட்டணி விலை 1000, நம்ம விலை 400' என்று ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். பஜ்ஜிக் காசு தண்டம்.

மீன்பிடித் தடைக்காலத்தில்தான் இந்த நோய் முற்றுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. கரையோர ஊர்களில் கையில் காசு புழங்காது, கடைக்காரர் விளம்பரமும் கொடுக்கமாட்டார். அந்த 61 நாளைத் தாக்குப்பிடிக்க 300 என்று இறங்குகிறவனை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் படகு கடலுக்குப் போன பிறகும் அந்த விலை மேலே ஏறுவதில்லை! கடைக்காரர் மனதில் 300 என்று ஆணி அடித்தாயிற்று. "போன மாசம் 300 தானேப்பா, இந்த மாசம் என்ன புதுசா?" வெண்டைக்காய் விலை ஏறினால் பொறுத்துக்கொள்கிறவர்கள் விளம்பர விலை ஏறினால் மட்டும் தர்க்கம் பேசுவார்கள்.

வியூஸ் கதை வேறு இருக்கிறது. 300 ரூபாய்க்காரன் கடைக்காரரிடம் இரண்டு லட்சம் வியூஸ் என்று காட்டுவான். எந்த வீடியோவுக்கு? எங்கேயோ வடக்கே ஒரு குரங்கு சப்பாத்தி திருடிய வீடியோவுக்கு. அதைப் பார்த்த ஆள் பாட்னாவில் இருந்துகொண்டு ராமநாதபுரம் அரண்மனை பக்கம் வந்து பட்டுச்சேலை எடுக்கப் போகிறாரா? கீழக்கரையில் ஒரு அத்தர் கடைக்காரக் காக்கா (அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) மட்டும் விவரமாகக் கேட்டார். "வியூஸ வுடுங்க தம்பி, அதுல நம்ம மாவட்டத்து ஆளு எத்தன பேரு?" பக்கத்துக்கே உள்ள புள்ளிவிவரத்தில் ஊர் வாரியாக வரும். எடுத்துக் காட்டினேன். அவர் அதே கேள்வியை மற்றவனிடம் கேட்டிருக்கிறார். அவன் "நெட் சரியில்ல காக்கா, அப்புறம் அனுப்புறேன்" என்றானாம். இன்னும் நெட் வரவில்லை.

கடைக்கார அண்ணாச்சிகளே, அந்தக் காக்கா கேட்டதைக் கேளுங்கள், போதும். ஊர் வாரிக் கணக்கை ஸ்க்ரீன்ஷாட்டாக வாங்காதீர்கள், போனைக் கையில் வாங்கி நீங்களே பாருங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுப்பதில் இவர்கள் எவ்வளவு தேர்ந்தவர்கள் என்று மேலே சொல்லிவிட்டேன். போன வாரம் அவன் பக்கத்தில் வந்த செய்தியில் எது அவன் நேரில் போய் எடுத்தது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்புறமும் 300 தான் சரி என்று பட்டால் தாராளமாகக் கொடுங்கள், உங்கள் காசு. ஆனால் நாளைக்கு உங்கள் கடை வாசலில் ரோட்டைத் தோண்டிப்போட்டு மாசக்கணக்கில் மூடாமல் கிடந்தால், எனக்குப் போன் போட்டு "தம்பி, ஒரு செய்தி போடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். 300 ரூபாய்க்காரனைக் கூப்பிடுங்கள். அவன் வரமாட்டான். நான் எழுதினால்தான் அவனுக்கு ஒட்டுவதற்கே ஒன்று கிடைக்கும்.

ஆடி வருகிறது, தள்ளுபடி விளம்பரங்களுக்கு விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். என் ரேட் 1500. உள்ளூர்க் கணக்கு உட்கார்ந்து காட்டுவேன், பில் உண்டு. ஆடித் தள்ளுபடி என் ரேட்டுக்குக் கிடையாது; சேலைக்குத் தள்ளுபடி போடுவதற்கு முதல் நாள் விலையை ஏற்றி ஸ்டிக்கர் ஒட்டுகிற வசதி எனக்கு இல்லை.