கம்பியில் இருந்த வரிசை

போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். பொருள்களைச் சேகரிப்பதும் ஒரு கலைதான் என்று காட்டுவதற்காக இரண்டு காப்பாட்சியர்கள் சேர்ந்து அமைத்தது. உழக்கு, வள்ளம், தறி நாடா, மாட்டு மணி எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கின. அவற்றைச் சீக்கிரம் கடந்துவிட்டேன். கால் நின்றது அஞ்சலட்டைச் சுவருக்கு முன்னால்.

அறுபது எழுபது அட்டைகள் இருக்கும். வெளிர் மஞ்சளில் தொடங்கிக் காப்பி நிறத்தில் முடிகிறபடி நிறவாரியாக அடுக்கிக் கண்ணாடி போட்டிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. ஒவ்வோர் அட்டையின் நடுவிலும் ஓர் ஓட்டை, அதைச் சுற்றித் துரு வளையம். "இது என்னங்க ஓட்டை?" என்று தெரியாதவன்போல் கேட்டேன். பூச்சி அரித்திருக்கும் என்றார் அங்கிருந்த காப்பாட்சியர்.

பூச்சியில்லை, கம்பி! நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே கொக்கி, அடியில் ஒரு வட்டப் பலகை, நடுவில் நீளக் கம்பி. வருகிற காகிதத்தையெல்லாம் அதில் குத்தி வைப்பார்கள். என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டுத் திண்ணையில் விட்டத்திலிருந்து ஒன்று தொங்கியது. ஈரோட்டு மஞ்சள் மண்டிச் சீட்டு (விரலி இத்தனை மூட்டை, கிழங்கு இத்தனை மூட்டை), கந்தாய ரசீது, கரண்ட் பில், மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணக் கடிதம். புதியது மேலே, பழையது அடியில். கீழே போகப் போக வருடம் பின்னால் போகும்.

சாவுச் செய்தி மட்டும் அதில் ஏறாது. படித்ததும் கிழித்துப்போடுவதுதானே வழக்கம். ஆனால் ஒரு கருமாதிக் கடிதம் இருந்தது. கிணற்றில் பங்கு வைத்திருந்தவர் இறந்த செய்தி. முறைத் தண்ணீர்த் தகராறில் அவரும் அப்புச்சியும் பதினோரு வருடம் பேசிக்கொள்ளவில்லை. அதை மட்டும் கிழிக்காமல் ஒரு மண்டிச் சீட்டுக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவில் குத்தி வைத்திருந்தார். அமுச்சி (பாட்டி) கேட்டதற்கும் பதில் சொல்லவில்லையாம். எதை வைப்பது, எதை விடுவது, எதன் பக்கத்தில் எதை வைப்பது என்பதுதான் சேகரிக்கும் கலை என்றால், அதை அப்புச்சி செய்துவிட்டார். வீட்டை இடித்தபோது மாமா காகிதங்களை உருவி எடைக்குப் போட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் 1974இலிருந்து தனக்கு வந்த கடிதம், பில், பத்திரிகை என்று கையில் கிடைத்ததையெல்லாம் பெட்டி பெட்டியாகப் போட்டு மூடினார். 1987இல் அவர் இறந்தபோது 610 சேர்ந்திருந்தன. இப்போது பிட்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு பெட்டியில் இருந்ததை இன்னொன்றோடு கலக்காமல் பெட்டிவாரியாகவே வைத்திருக்கிறார்கள். ஒன்றாகக் கிடந்ததும் செய்திதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சீனக் கலைஞர் சோங் டோங் செய்தது இன்னும் மேல். அவருடைய அப்பா 2002இல் இறந்த பிறகு அம்மா சாவ் சியாங்யுவான் எதையும் எறிய விடவில்லை. பாட்டில் மூடி, காலிப் பற்பசைக் குழாய், சோப்பு என்று பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள். 2005இல் பெய்ஜிங்கில் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது அம்மாவும் சேர்ந்து அடுக்கினார். அங்கேயே இருந்து பார்க்க வந்தவர்களோடு பேசினார். சேர்த்தவர் யார் என்று அங்கே யாரும் தேட வேண்டியிருக்கவில்லை.

நம் சுவரிலோ பழைய காகிதக் கடையில் வாங்கிய இளைஞரின் பெயர்தான் இருந்தது. அவர் திருடவில்லை. அவர் வாங்கியிராவிட்டால் அத்தனையும் கூழாகியிருக்கும், அதற்கு நன்றி. ஆனால் அவர் கைக்கு வருமுன்பே அவை ஒருவர் சேர்த்தவை. அந்த வரிசையைக் கலைத்து நிறம் பார்த்து அடுக்கிவிட்டு, இதுதான் சேகரிப்பு என்றால் எப்படி? காப்பாட்சியர் என்ற சொல்லில் காப்பும் இருக்கிறது, ஆட்சியும் இருக்கிறது. நான் பார்த்தது பின்னதைத்தான்.

இன்னொன்று, மூன்றாவது வரிசையில் ஓர் அட்டை. மகள் கல்யாணத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் கைமாற்றுக் கேட்டு ஒருவர் மைத்துனருக்கு எழுதியது. கீழே முழுப்பெயர், ஊர். அதை ஊரே படிக்கும்படி மாட்டியிருக்கிறார்கள். எழுதியவருடைய பேரன் வந்து நின்றால் என்ன சொல்வார்கள்?

வீட்டுக்கு வந்து அவர்களுக்குக் கடிதம் போட்டேன். அந்தப் பெயரை மறையுங்கள். "இவை வீடுகளில் கம்பியில் குத்தி வைக்கப்பட்டிருந்தவை" என்று ஒரு வரி சேருங்கள் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. மாதக் கடைசி வரை கண்காட்சி இருக்கிறது, போய்ப் பாருங்கள். கண்ணாடிக்குக் கொஞ்சம் கிட்டப் போனால் ஓட்டையில் துரு தெரியும்.