கரடிக்கு எந்தத் துவக்கு?

சியாட்டிலில் இருக்கும் தங்கச்சியின் மகன், ஜூலையில் கூட்டாளிகளோடு அலாஸ்காவுக்குச் சமன் மீன் பிடிக்கப் போகிறான். போன கிழமை அழைத்தபோது, "மாமா, ஆத்தங்கரையில கரடி வருமாம். பிஸ்டல் ஒண்டு வாங்கப்போறன். 10 மில்லிமீட்டர் குளொக்கோ 44 மேக்னம் ரிவோல்வரோ எண்டுதான் யோசனை" என்றான். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு துவக்குக் கதையை இவ்வளவு இலேசாகக் கேட்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. சரி, அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. போகிறவனை வெறுமனே பயமுறுத்தி என்ன பயன் என்று, ஒரு கிழமையாக இதையே தேடி வாசித்தேன்.

முதலில் ரவை, அதாவது துவக்கில் போடும் குண்டு. வீட்டுப் பாதுகாப்புக்கு விற்கிற, முனையில் குழி உள்ள ரவை உடம்புக்குள் போனதும் விரிந்துவிடும். பெரிய கரடியின் கொழுப்பு, தசை, எலும்பு எல்லாம் தாண்டுவதற்குள் அது நின்றுவிடலாம். அதனால்தான் கரடிக் காட்டுக்குப் போகிறவர்கள் விரியாத, கடினமாக வார்த்த, முனை தட்டையான ஈய ரவையைத் தேடி எடுக்கிறார்கள். 44 மேக்னம் பலம் கூடியது, ஆனால் பெரும்பாலும் 6 ரவைதான், சுடும்போது கையில் அடிக்கும் உதையும் கடுமை. 10 மில்லிமீட்டர் ரவை போடும் குளொக் 20 பிஸ்டலில் 15 போகும், உதை குறைவு. கிரீன்லாந்தில் நாய்வண்டியில் ரோந்து போகும் டென்மார்க் படையினர் பனிக்கரடிக்காக அதைத்தான் வைத்திருக்கிறார்கள். சுட்டுப் பழகாத பிள்ளைக்கு 44ஐ நான் சொல்லவே மாட்டேன்.

இதற்கு மேலேதான் என் கவலை. பழுப்புக் கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். 30 மீட்டர் தூரத்தை இரண்டே விநாடியில் கடந்துவிடும். பைக்குள் கிடக்கிற பிஸ்டல் அந்த நேரத்தில் எதற்கு?

அப்பா முள்ளியவளையில் இருந்த காலத்தில், அவருடைய கூட்டாளி ஒருவர் பாலைப்பழம் பறிக்கத் தனியே காட்டுக்குள் போனார். பற்றைக்குள் நின்ற கரடி எழும்பி முகத்தில் அடித்ததில் ஒரு கண் போய்விட்டது. இடுப்பில் கத்தி இருந்தது, உருவ நேரம் இருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து ஆட்கள் நாலைந்து பேராகக் கூவிக்கொண்டுதான் பழத்துக்குப் போனார்கள். சத்தம் கேட்டால் கரடி பெரும்பாலும் தானே விலகிவிடும், திடீரென்று கிட்டக் கண்டால்தான் பாயும். அலாஸ்காவிலும் முதல் புத்திமதி இதுதான்.

இரண்டாவது, மிளகாய்க் காரம் அடைத்த கரடி ஸ்பிரே. அலாஸ்காவில் நடந்த சம்பவங்களை ஆராய்ந்து 2008இல் வெளிவந்த ஆய்வில், பழுப்புக் கரடிகள்மீது அடித்தபோது 100க்கு 92 தடவை அது வேலை செய்திருக்கிறது. மயிரிழை பிசகாமல் குறிபார்க்கத் தேவையில்லை, முன்னால் ஒரு முகில் மாதிரிப் பரவும். பிஸ்டல் வாங்குவதென்றால் வாங்கட்டும், போகுமுன் சுட்டுப் பழகட்டும், நெஞ்சோடு கட்டும் உறையில் போடட்டும். ஆனால் கை முதலில் போகவேண்டியது ஸ்பிரேக்கு.

ஸ்பிரேயை விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள். அங்கரேஜில் இறங்கியதும் முதல் வேலையாக வாங்கி, இடுப்பில் எந்தப் பக்கம் கொழுவியிருக்கிறாய் என்று வீடியோவில் எனக்குக் காட்டவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஓம் என்றிருக்கிறான்.