கோல் கணக்கு மட்டும் கோப்பையைத் தராது

உலகக் கோப்பைக் கால்பந்தில் அதிகக் கோல் அடிக்கும் முன்கள வீரரைக் கொண்ட அணிக்கே கோப்பையை வெல்லும் வாய்ப்பு அதிகம் என்ற ஒரு கட்டுரையாளரின் கணிப்பை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. 1958இல் பிரான்சின் ஜுஸ்ட் ஃபோன்டைன், அதுவும் சக வீரரிடம் இரவல் வாங்கிய காலணியுடன், ஆறே ஆட்டங்களில் 13 கோல்கள் அடித்தார். ஒரே தொடரில் அதைத் தாண்டியவர் எவரும் இல்லாதபோதும், அவரது அணிக்குக் கிடைத்தது மூன்றாம் இடம்தான். 2022 இறுதி ஆட்டத்தில் பிரான்சின் எம்பாப்பே மூன்று கோல்கள் அடித்தும் கோப்பை அர்ஜென்டினாவுக்கே சென்றது. மாறாக, 2018இல் பிரான்சின் நடு முன்கள வீரர் ஜிரூ ஒரு கோல்கூட அடிக்காமல் கோப்பையை ஏந்தினார். 2010இல் ஸ்பெயின் ஏழு ஆட்டங்களில் எட்டுக் கோல்களே அடித்தபோதிலும், இரண்டை மட்டுமே விட்டுக்கொடுத்ததால் வாகை சூடியது. 2002இல் எட்டுக் கோல்கள் அடித்துப் பிரேசிலை வெல்லவைத்த ரொனால்டோ போன்றவர்கள் விதிவிலக்குகளே.

உலகக் கோப்பையில் ஜெர்மனியின் சிறந்த முன்கள வீரர் க்ளோசா, கெர்ட் முல்லரா என்ற வாதத்திலும் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது முறையன்று. க்ளோசின் 16 கோல்கள் நான்கு தொடர்களில் 24 ஆட்டங்களில் வந்தவை. முல்லரோ 13 ஆட்டங்களிலேயே 14 கோல்கள் அடித்தவர், அவற்றுள் ஒன்று 1974 இறுதி ஆட்டத்தின் வெற்றிக் கோல். என் தேர்வு முல்லர்தான். ஆனாலும் கோப்பையை முடிவுசெய்வது தனி ஒருவரின் கோல்கள் அல்ல என்பதால், அடுத்த வெற்றியாளரைக் கணிக்க விரும்புவோர் முதலில் தடுப்பாட்டக்காரர்களையும் கோல்காப்பாளரையும் பார்க்க வேண்டும்.