பர்மா தேக்கு சரி, அது கடல் தாண்டி வந்த கதையை யாரு சொல்றது?

நம்ம செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்கு வெளியூர் ஆளுக வந்தா நாம சொல்றது எல்லாம் ஒரே வரிசைதான். இது பர்மா தேக்கு, இது இத்தாலி பளிங்கு, இது பெல்ஜியம் கண்ணாடின்னு முகப்புல ஆரம்பிச்சு ரெண்டாங்கட்டு வரைக்கும் சொல்லிக்கிட்டே போவோம். இம்புட்டும் கடல் மேல வந்துச்சே, எப்படி வந்துச்சுன்னு ஒரு சின்னப் புள்ள கேட்டா சொல்ல நம்மகிட்ட ஒண்ணுமில்ல. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து யாவாரம் பண்ணப் போன ஐயாக்களோட கணக்கு ஏட்டையும் பெட்டகத்தையும் பத்திரமா வச்சிருக்கோம், அவங்களை அக்கரை சேத்த கடல்காரங்களோட பேச்சை மட்டும் விட்டுட்டோம், இது எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்துது.

நாகப்பட்டினத்துல இருந்து பினாங்கு, சிங்கப்பூர் போன ரஜூலா கப்பலைப் பத்தி இன்னும் பெரியவங்க பேசுறாங்க, அது 1926ல கட்டுன நீராவிக் கப்பல். நீராவி வர்றதுக்கு முன்னாடி எல்லாமே பாய்தான், காத்துதான். மேக்க இருந்து அடிக்கிற கச்சான்ல கிழக்க போகணும், வடக்க இருந்து அடிக்கிற வாடையில திரும்பணும், பருவத்தைத் தவறவிட்டா அங்கயே காத்துக் கெடக்க வேண்டியதுதான். வாடை, கச்சான், கொண்டல், சோழகம்னு திசைக்கு ஒரு பேரு வச்சதெல்லாம் பொழப்புக்காக, அழகுக்காக இல்ல.

தேவகோட்டையில இருந்து பஸ் ஏறுனா தொண்டி எம்புட்டு தூரம்? அங்க கரையில உக்காந்திருந்த ஒரு பெரியவர்கிட்ட பேச்சுக் குடுத்தேன், எஞ்சின் வர்றதுக்கு முந்தியே பாய் ஓட்டுனவர். கயித்தைப் பத்திக் கேட்டதும் மணல்லயே குச்சியால வரைஞ்சு காட்டிட்டாரு. நட்டுக்க நிக்கிறது பாய்மரம், அதுல பாயைத் தாங்குற குறுக்கு மரம் பருமல், பருமலை மேல ஏத்துற கயிறு ஆஞ்சான், பாயோட கீழ் முனையைப் பிடிச்சு நிக்கிற கயிறு தாமான். "தம்பி, ராத்திரியில திடீர்னு காத்து அடிச்சு படகு சாயுதுன்னு வைங்க, தாமானை விட்டா பாய்ல இருந்து காத்து வெளிய போயிரும், படகு நிமிந்துரும், ஆஞ்சானை விட்டா பருமலோட பாயும் ஆளுக தலையில வந்து விழும்"னாரு. இருட்டுல ரெண்டும் கயிறுதான். "அந்தக் கயித்தை விடுடா"ன்னு கத்துனா கேக்குறவன் எதை விடுவான்? அதனாலதான் கடல்ல ஒவ்வொரு கயித்துக்கும் தனிப் பேரு, அது உசுரு காக்குற விஷயம்.

இங்கிலீஷ்காரன் இதை எப்படிப் பாத்தான்னு கவனிங்க. கப்பலோட இடது பக்கத்துக்கு லார்போர்டு, வலது பக்கத்துக்கு ஸ்டார்போர்டுன்னு இருந்துச்சு, கத்திச் சொன்னா ரெண்டும் ஒண்ணு போல கேக்குதுன்னு 1844ல பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டைத் தூக்கிட்டு போர்ட்னு உத்தரவே போட்டுச்சு. ஒரு சொல்லுக்கு அம்புட்டு அக்கறை. நம்ம பக்கம் பாகம்னு ஆழம் அளந்த கணக்கு, நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்குதுன்னு தண்ணியைப் பாத்தே சொல்ற அறிவு, இதுக்கெல்லாம் அகராதியில ஒரு வரி இருந்தா பெருசு. அகராதி வரியை வச்சு எந்தக் கயித்தை எப்ப விடணும்னு கத்துக்க முடியாது, அது ஓட்டுனவங்க வாயில இருந்துதான் வரணும். எஞ்சின் வந்த பிறகு பொறந்த புள்ளைகளுக்கு ஆஞ்சானும் வேணாம் தாமானும் வேணாம், அவங்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனா அந்தப் பேச்சைப் பதிஞ்சு வைக்க நம்மால முடியும். வீட்டைப் புதுப்பிக்க லட்சக்கணக்குல செலவு பண்றோம், கோயில் திருப்பணிக்கு அள்ளிக் குடுக்குறோம், இதுக்கு செலவே கிடையாது, கையில போன் இருக்கு. தொண்டி, பாம்பன், நாகப்பட்டினம் பக்கம் பாய் ஓட்டுன பெரியவங்க யாரையாவது தெரிஞ்சா போய் உக்காந்து வீடியோ எடுங்க. கயித்தோட பேரை மட்டும் கேட்டு வந்துராதீங்க, எந்தக் காத்துல எதை இறுக்குவீங்க, எதை விடுவீங்கன்னு கேளுங்க, முடிஞ்சா படகுலயே வச்சுக் காட்டச் சொல்லுங்க. எடுத்ததை எனக்கு அனுப்புனா எழுத்துல எழுதி ஊரு, படகு வகையோட சேத்துப் பிரிச்சு வைக்கிற வேலையை நான் பாத்துக்கிறேன்.