குழிக்குள் கிடந்த யோசேப்பிடம் யாரும் அதைச் சொல்லவில்லை

என் தங்கை இறந்த வாரம் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் ரோமர் 8:28-ஐச் சொன்னார்கள். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது. அன்போடுதான் சொன்னார்கள், அதில் சந்தேகமே இல்லை. எனக்கும் சின்ன வயதிலிருந்து மனப்பாடமான வசனம்தான். ஆனால் அந்த வாரம் அது காதில் விழும்போதெல்லாம் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டேன். விசுவாசம் போய்விட்டதோ என்று பயம் வேறு.

சில மாதம் கழித்து, அண்ணன்மார்களே குழியில் போட்டு அடிமையாக விற்றுவிட, எகிப்தில் சிறைவரைக்கும் போன யோசேப்பின் சரித்திரத்தை வேதத்தில், வயதைக் கணக்குப் போட்டுக்கொண்டே வாசித்தேன். ஆடு மேய்க்கும்போது 17. எகிப்தின் ராஜாவான பார்வோன் முன் நிற்கும்போது 30. அப்புறம் விளைச்சலான ஏழு வருஷம், பஞ்சத்தில் இரண்டு வருஷம். உயிர்களைக் காக்கவே தேவன் என்னை முன்னதாக அனுப்பினார் என்று அண்ணன்மார்களிடம் சொல்லும்போது அவருக்குச் சுமார் 39 வயது. அந்த ஒரு வாக்கியம் அவர் வாயில் வர இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது!

சிறையில் இருந்தபோது என்ன சொன்னார்? கூடச் சிறையில் இருந்து விடுதலையாகப் போகிற, ராஜாவுக்குப் பானம் கொடுக்கும் பானபாத்திரக்காரனிடம், "இங்கே அடைக்கப்படும்படி நான் ஒன்றும் செய்யவில்லை, என்னை வெளியே எடுத்துவிடு" என்றுதான் கெஞ்சினார். அவனும் மறந்துபோனான். இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே கிடந்தார். ஆனால் அதே சிறையைப் பற்றித்தான் வேதம், கர்த்தர் யோசேப்போடே இருந்தார் என்கிறது. ஏன் இந்தப் பாடு என்று அவருக்கு விளங்குவதற்கு வெகுகாலம் முன்பே கர்த்தர் அங்கே இருந்திருக்கிறார். இதைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுந்தேன்.

அதனால் சபையில் இருக்கும் நம் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். பாடுகளுக்கு நோக்கம் உண்டு என்று நானும் முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் அழுகிறவர் கையில் அதை முதல் வாரத்திலேயே திணிக்காதீர்கள். பிள்ளைகளையும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதுவரை சரியாகத்தான் இருந்தார்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கர்த்தருடைய கோபத்துக்கு ஆளானார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு அம்மா தினமும் வந்தார். பாத்திரம் கழுவிவைத்துவிட்டு, என் தலையில் கைவைத்து ஒரு வரி ஜெபித்துவிட்டுப் போவார். அவர் எந்த வசனமும் சொன்னதில்லை.

இரண்டு வருஷம் கழித்துச் சபையில் ஒரு இளம்பெண் தன் குழந்தையைப் பறிகொடுத்தாள். யாரும் கூப்பிடாமலே என் கால்கள் அந்த வீட்டுக்குப் போயின. தேவன் நமக்குத் தந்த ஆறுதலாலேயே மற்றவர்களுக்கு ஆறுதல் செய்கிறோம் என்று 2 கொரிந்தியர் 1:4-இல் பவுல் எழுதியது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இதற்காகத்தான் கர்த்தர் என் தங்கையை எடுத்துக்கொண்டார் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அவளுக்காக நான் அழுத அழுகையை அவர் வீணாக்கவில்லை.

"இது எப்போ அக்கா சரியாகும்?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. நாளைக்கும் வரட்டுமா?"

"வாங்க அக்கா" என்றாள்.