அந்தப் பக்கம் போனால் குறி மாறுமா?

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள் சென்ற வாரம் ஒரு சமன்பாட்டைப் போட்டுக் காட்டினாள். 3எக்ஸ் + 7 = 22 என்பது கணக்கு. அடுத்த வரியில் 3எக்ஸ் = 15 என்று சரியாகவே வந்தவள், அதற்கடுத்த வரியில் எக்ஸ் = 15 − 3 = 12 என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டுவிட்டாள். "எக்ஸ் இருக்கும் இடத்தில் 12ஐப் போட்டுப் பார்" என்றேன். 36உம் 7உம் சேர்ந்து 43 ஆனதும் விழித்தாள். "அந்தப் பக்கம் போனா குறி மாறும்னுதானே மாமா சொல்லிக் கொடுத்தாங்க?"

அவளைக் குறை சொல்வதற்கில்லை. நாமும் அதை வாய்ப்பாடு போல ஒப்பித்தவர்கள்தாம். உண்மையில் எந்த எண்ணும் எந்தப் பக்கமும் போவதில்லை. சமன்பாடு ஒரு தராசு போன்றது; அதன் இரு தட்டுகளிலிருந்தும் ஏழேழு எடுக்கிறோம், முள் அசையாமல் நிற்கிறது. பிறகு இரு தட்டுகளில் உள்ளதையும் மூன்றாகப் பங்கிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பங்கை மட்டும் விட்டுவைக்கிறோம். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி கையாண்ட அல்-ஜப்ர் என்ற சொல்லுக்கு, கழிபட்டு நிற்பதை இருபுறமும் ஈடுசெய்து நிறைவாக்குதல் என்று பொருள். அல்ஜீப்ரா என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். 1557இல் இராபர்ட் ரெக்கார்டு சமக்குறியாக இரண்டு இணைகோடுகளைத் தேர்ந்தெடுத்தபோது, இவற்றைவிடச் சமமான இரு பொருள்கள் இருக்க முடியாது என்று காரணமும் சொன்னார். நம் பிள்ளைகளுக்கோ அது 'இனி விடை' என்பதற்கான அடையாளமாகிவிட்டது; 5 + 3 = 8 × 2 = 16 என்று ஒரே மூச்சில் எழுதுகிறார்கள். 5உம் 3உம் எப்படி 16 ஆகும் என்று கேட்டால், விடை சரிதானே என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணிதத் தாளில் 100 மதிப்பெண்களுள் 14 மட்டுமே ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு உரியவை. மற்ற 86க்கும் வழிமுறையை எழுதிக் காட்ட வேண்டும். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் 'ஸ்டெப் மார்க்' என்ற பேச்சு புழங்கத் தொடங்கியதும், கணக்குப் புரியாவிட்டாலும் சூத்திரத்தை எழுதிவை, ஒன்றாவது விழும் என்று பெற்றோரே சொல்லிக் கொடுக்கிறோம். (நானும் சொல்லியிருக்கிறேன்.) கைடில் இருக்கும் ஆறு வரிகளையும் மனப்பாடம் செய்த பிள்ளை, மூன்றாம் வரி எதனால் நான்காம் வரியானது என்று கேட்டால் திகைத்து நிற்கிறது. வரிகள் இருந்தும் அங்கே படிகள் இல்லை.

ஆகவே அவளிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டேன்: ஒவ்வொரு வரிக்கும் எதிரே, என்ன செய்தாய் என்பதைச் சொல்லால் எழுது; கடைசியில் விடையை முதல் வரியில் போட்டுப் பார். அடுத்த கணக்கு, எக்ஸின் நான்கில் ஒரு பங்கிலிருந்து 2ஐக் கழித்தால் 3 என்பது. 'இருபுறமும் 2ஐக் கூட்ட' என்று எழுதினாள். சற்று யோசித்து, 'இருபுறமும் 4ஆல் பெருக்க' என்றாள். எக்ஸ் = 20. நாலில் ஒரு பங்கு 5, இரண்டு போக 3 என்று தானே முணுமுணுத்துச் சரிபார்த்தாள். ஒரு கணக்குக்கு அரைப் பக்கம் ஆகிவிட்டது.

"இவ்வளவு எழுதினா மிஸ் திட்டுவாங்களா மாமா?"

திட்டினால் என் பெயரைச் சொல் என்றேன்.